கடல் கொண்டுபோன மாதிரிப் புளி

1938 மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சென்னை சென்ட்ரலில் இறங்கினோம். நான், என் மனைவி பாக்கியம், ஏழு வயது மகள் சரசு. தருமபுரியிலிருந்து மொரப்பூர் வரை பதினெட்டு மைல் சின்ன ரயில், அப்புறம் பெரிய ரயில். சின்ன ரயில் வழியில் நின்று மூச்சு வாங்கியபோது, "நடந்திருந்தால் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றேன். "நீங்க நடந்தா மூணாம் நாள்தான் வருவீங்க" என்றாள் பாக்கியம். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதுதான் என் வாழ்க்கையின் தொந்தரவு.

வந்தது வியாபாரமாக. இண்டூர்ப் பக்கம் மரங்களைக் குத்தகைக்கு எடுத்துப் புளி உலுக்கி வைத்திருந்தேன். கொத்தவால் சாவடி மண்டிக்காரர் மாதிரி பார்த்துச் சரி என்றால் அத்தனையும் ஒரே கையில் போய்விடும். இல்லாவிட்டால் வருஷம் முழுதும் நாங்களே புளிக்குழம்பு சாப்பிட வேண்டியதுதான். மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அதற்குள் கடலைக் காட்டுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சத்திரத்தில் மூட்டைகளை வைத்துவிட்டு ஒன்பது மணிக்கு டிராம் ஏறினோம். ஆளுக்கு ஓரணா. பிறகு நடை. மாதிரிப் புளி மட்டும் துண்டில் முடிந்து என் கையில். சத்திரத்தில் யாரையும் நம்பாத ஜாக்கிரதைக்காரன் நான்.

கடலைப் பார்த்ததும், "எதிர்க்கரை எங்கப்பா?" என்றாள் சரசு.

"மங்கலாத் தெரியுது பாரு" என்றேன். எனக்குத் தெரிந்தது மேகம்.

அப்புறம் ஊர் ஏரியில் இறங்குகிற மாதிரியே இறங்கினேன். செருப்பையும் துண்டு முடிச்சையும் தண்ணீர் ஓரமாக வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். எங்கள் ஏரி வெயில் காலத்தில் பின்வாங்குமே தவிர, நம்மைத் தேடி முன்னால் வராது. திரும்பிப் பார்த்தால் ஒரு செருப்பு மிதக்கிறது. முடிச்சைக் காணோம்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பாய்ந்து போய்த் துண்டைப் பிடித்து வந்தார். உள்ளே மணல்தான் இருந்தது.

"இன்னா நைனா, எந்த ஊரு?"

"தருமபுரிங்க."

"அதான பாத்தேன். புளிய நீ போட்டுட்ட, மீனும் உப்பும் உள்ளயே கீது. கொயம்பு ஆயிருக்கும்."

காசு நீட்டினேன். சிரித்தாரே தவிர வாங்கவில்லை.

மணலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு எதைக் காட்டுவது? பாக்கியம் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏங்க, சமையலுக்குன்னு நான் கொண்டாந்த புளி சத்திரத்துல இருக்குதுங்க. அதே மரத்துதுதான்."

மூன்று மணிக்கு மண்டி. மண்டிக்காரர் பாக்கியத்தின் புளி உருண்டையைக் கிள்ளி, முகர்ந்து, நாக்கில் வைத்தார். ஓடு, கொட்டை, நார் ஒன்றும் கிடையாது; வீட்டுக்கென்று பாக்கியம் ஆய்ந்து எடுத்தது.

"தருமபுரி, சரக்கு பூரா இதே தரமா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாசற்படியில் பாக்கியம் நின்றிருந்தாள். மூடிக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "இல்லைங்க. மாதிரியைக் கடல்ல விட்டுட்டேன். இது வூட்டுப் புளி. மூட்டையில கொட்டையும் நாருமாத்தான் இருக்கும்."

கடலில் விட்ட விதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "குறையை நீயே சொல்லிட்டே, இனி மாதிரி எதுக்கு? மூட்டையை அப்படியே அனுப்பு. இந்தத் தரத்துல இருபது மூட்டை தனியா வேணும். ஆகுமா?"

"ஆகுங்க" என்றேன்.

"ஆயற பொம்பளைங்களுக்குக் கூலி யாருங்க குடுப்பாங்க?" என்றாள் பாக்கியம்.

மண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "நான்தாம்மா குடுக்கணும்" என்று கொள்முதல் சீட்டை எழுத எடுத்தார். "உன் பேரு என்ன?"

மூன்று வருஷமாக என்னைத் 'தருமபுரி' என்றே கூப்பிடுகிறவர். என் பெயரை அன்றைக்கும் கேட்கவில்லை.

மாலையில் சென்ட்ரலில் ரயில் ஏறினோம். முன்பின் தெரியாத எனக்காக ஒருவர் நனைந்தார், பெயர்கூடத் தெரியாத என்னை ஒருவர் நம்பினார். சென்னையைப் பற்றி இனி யாரும் என்னிடம் குறை சொல்ல முடியாது. சீட்டு பாக்கியத்தின் முந்தானையில் முடிந்திருந்தது. பத்திரமாக நான் வைத்துக்கொள்கிறேன், கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.