ஆணி அடிக்காத சுவர்

நான் வளர்ந்த பர் துபாய் ஃபிளாட்டின் சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது. குடிவந்த அன்றே மலையாளி வாட்ச்மேன் சுவரைத் தட்டிக் காட்டி, "ஆணி மாஃபி" என்று சொல்லிவிட்டாராம். அடிக்கவே கூடாது. அதனால் சாமி படங்கள் சமையலறை அலமாரிக்குள் இருந்தன. கதவைச் சாத்தினால் மசாலா டப்பா அலமாரிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. காலண்டர் காந்தத்தின் தயவில் ஃபிரிட்ஜில் தொங்கியது. சுவர் என்றால் வெறுமையாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

காலேஜில் நான் படித்தது அக்கவுண்டிங். கடைசி வருஷம் கலைப் பாடம் ஒன்று கட்டாயம். என் டைம்டேபிளுக்குத் தோதாக இருந்தது சிகானா கலை மட்டும்தான். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்களுக்கு அப்படியொரு பெயர் என்பதே முதல் வகுப்பில்தான் தெரிந்தது. "துபாய்ல உக்காந்துக்கிட்டு மெக்சிகோக்காரி வரைஞ்சதைப் படிச்சு என்னம்மா பண்ணப் போற?" என்றார் அப்பா. எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் வகுப்பு பிடித்துப்போயிற்று. அந்தப் பெண்கள் தெருச் சுவர் முழுக்கத் தங்கள் வீட்டு முகங்களை வரைந்திருந்தார்கள். இறந்தவர்களுக்காக வீட்டில் படம், பூ, மெழுகுவர்த்தி, பிடித்த தின்பண்டம் என்று அடுக்குகிற மேடையை அப்படியே கலைக்கூடத்துக்குக் கொண்டுபோய், இதுவும் கலைதான் என்றார்கள். அப்படி ஒரு மேடை செய்து கண்காட்சியில் வைப்பதுதான் எங்களுக்குக் கடைசி வேலை. பாதி மார்க் அதற்கு.

நான் என்ன செய்தேன்? மீனா பஜாரில் பிளாஸ்டிக் சாமந்தி வாங்கினேன். மெக்சிகோவில் வைப்பதுபோல் கலர் பேப்பரில் மண்டையோடு வெட்டினேன். நடுவில், நெட்டிலிருந்து பிரிண்ட் எடுத்த ஒரு மெக்சிகோ அம்மாள். ஹாலில் அடுக்கிவைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"யாருடி இது?"

"தெரியாதும்மா. சும்மா."

"யாருன்னே தெரியாதவளுக்கா இத்தனை பூ? நம்ம வீட்ல செத்தவங்களே இல்லையா?"

அம்மாவுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. விறுவிறுவென்று உள்ளே போய், பீரோ மேலிருந்த சூட்கேஸை இறக்கி, துண்டில் சுற்றிய ஒரு படத்தை எடுத்து வந்தாள். பெரியம்மா. அம்மாவின் ஒரே அக்கா. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது திருச்சியில் இறந்துபோனவர். விசா புதுப்பிக்க எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அம்மாவால் போக முடியவில்லை. பிறகு யாரோ ஊரிலிருந்து வந்தபோது பெரியப்பா இந்தப் படத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இறந்தவர் படத்தைச் சாமியோடு வைப்பது எங்கள் வழக்கமில்லை. தனியாகச் சுவரில் மாட்ட வேண்டும். மேஜையில் சாய்த்துவைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. "ஆணியே அடிக்கக் கூடாதுன்னா எங்கடி மாட்டுவேன் அவளை?" என்று கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். டூட்டி முடிந்து வந்த அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

மெக்சிகோ அம்மாளும் மண்டையோடுகளும் குப்பைக்குப் போயின. கோயில் சந்தில் நிஜ மல்லிகை வாங்கிவந்தேன். பெரியம்மாவுக்கு உயிரான வெற்றிலை சீவலை அம்மா எடுத்துவைத்தாள். ஆனால் படத்தைக் காலேஜுக்குக் கொண்டுபோகக் கேட்டதும், "இப்பத்தான் வெளிய வந்திருக்கா. அதுக்குள்ள தூக்கிட்டுப் போறியா? முடியவே முடியாது" என்றாள். படம் இல்லாமல் மேடை ஏது? நான் நச்சரிக்கவில்லை. மறுநாள் காலையில் அவளே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். டாக்ஸியில் வழிநெடுக அக்கா அவள் மடியில்தான். கண்காட்சி முடியும்வரை மேடை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பேராசிரியை வந்து இவர் யார் என்று கேட்டபோது, "மை அக்கா. பாஸ்போர்ட் நோ. ஐ நோ கோ" என்றாள். பேராசிரியை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மார்க் சுமார்தான், வேலைப்பாட்டில் நேர்த்தி போதவில்லையாம்.

வீடு திரும்பியதும் அம்மா சூட்கேஸைத் திறக்கவில்லை. "ஒரு ஆணி அடிங்க" என்றாள் அப்பாவிடம். "வாட்ச்மேன் கத்துவானே." "கத்தட்டும்." அப்பா ஆணி அடித்துப் பெரியம்மாவை மாட்டினார். மெக்சிகோக்காரி வரைந்ததைப் படித்து என்ன பண்ணப் போகிறாய் என்று முன்பு அவர் கேட்டதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் ஊருக்கே திரும்புவதற்காக அந்த வீட்டைக் காலி செய்த நாளில், அப்பா ஓட்டையைப் பற்பசையால் அடைத்து விரலால் தேய்த்தார்.

இப்போது ஷார்ஜாவில் வாடகைக்கு இருக்கிறேன். இங்கேயும் வாட்ச்மேன் சுவரைத் தட்டிக் காட்டினார். சரி பாய் என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே ஆணி அடித்து, அம்மா கொடுத்தனுப்பிய பெரியம்மாவை மாட்டினேன். போன வருஷம் அம்மா ஊரில் இறந்தபோது பாஸ்போர்ட் என் கையில் இருந்தது. போய்ச் சேர்ந்தேன், முகத்தைப் பார்த்தேன். திரும்பி வந்து பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்தேன்.