கண்ணை மூடினால் அழகி

“எனக்குக் கண்ணு இருக்கு, எமை இல்ல. ஆண்டவன் அந்த எடத்துக்கு வர்றப்ப மழ புடிச்சிருக்கும். வேலைய நிறுத்திப்புட்டு எறங்கிப் போயிட்டான்.”

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஷுக்ரி முதலாளியின் பேன்சி கடையில், ஷோகேஸுக்குப் பின்னால் நின்றபடி ஜெயலெட்சுமி இதைச் சொல்லாத நாள் கிடையாது. வளையல் பார்க்க வந்தவர்களுக்கும் சொல்வாள். மாற்றுக் காசு கேட்டு வந்த முச்சக்கரவண்டிக்காரருக்கும் சொல்வாள். முறைப்பாட்டில் பொய் இல்லை. புருவத்துக்குக் கீழே இருக்கும் சதை அப்படியே சரிந்து வந்து கண்ணின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். ஐஷேடோ பூசிக் கண்ணைத் திறந்தால், பூசியதெல்லாம் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். “மூடுனா அழகி. தொறந்தா பழைய ஜெயலெட்சுமி” என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை ஐஷேடோ விற்பது.

விற்பதற்கு அவளுக்கு ஒரு முறை உண்டு. நிறத்தைத் தன் இமையிலேயே பூசிக் காட்டுவாள். காட்டுவதென்றால் கண்ணை மூட வேண்டும். மூடினால் வந்தவர்கள் நழுவிவிடுவார்கள். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டே நிறத்தின் பெருமையெல்லாம் சொல்லி, “ஒங்க மூஞ்சிக்கு இது நல்லா எடுக்கும்” என்று முடித்துத் திறந்தால், எதிரே நின்றது தபால்காரர். மனுஷன் வெட்கப்பட்டுக்கொண்டு மீசையைத் தடவினாராம். அன்றிலிருந்து கண்ணை மூடுமுன் எதிரே நிற்பவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நாடி பார்க்கும் வைத்தியர் தூங்கிப்போனது போலிருக்கும்.

அந்த வருடம் ஷுக்ரி முதலாளி கொழும்பிலிருந்து மலிவாக ஒரு சரக்கு இறக்கினார். பெட்டிக்குள் பன்னிரண்டு நிறம். பன்னிரண்டும் மண் நிறம். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கேட்பதோ நீலம், ஊதா, பளபளக்கும் ரோஸ். இதைத் திறந்து காட்டினால், “இத காசு குடுத்து வேற வாங்கணுமாக்கும்? கொழுந்து மலையில சும்மாவே ஒட்டுதே” என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

நிறங்களின் பெயர் அட்டையின் பின்னால் ஆங்கிலத்தில் இருந்தது. ஜெயலெட்சுமி அதைச் சட்டை செய்யாமல் தானே பெயர் வைத்தாள். பால் தேத்தண்ணி, வெறுந் தேத்தண்ணி, கித்துள் கருப்பட்டி, வெந்த ரொட்டி, கருகின ரொட்டி, பசறை ரோட்டுப் புழுதி. பெயர்கள் ஊரெல்லாம் பரவின. பெட்டிகள்தான் இறாக்கையை விட்டு நகரவில்லை.

முதலாளி ஒருநாள் இன்ச் டேப்போடு வந்து ஷோகேஸை அளந்தார். கைத்தொலைபேசி வந்து எல்லாரும் ரீலோட், கவர் என்று அலைந்த காலம் அது. “தங்கச்சி, இன்னமும் அப்படியே ஈக்குதே. தீபாவளி வரைக்கும் பாப்போம். போகல்லேண்டா இந்த எடத்துல போன் சாமான் போடுவோம். நீங்க பின்னுக்கு ஸ்டோர்ல நில்லுங்க.”

“ஸ்டோர்ல நிக்கிறதுக்கு எங் கண்ணு தோதுதான் மொதலாளி. எலி கூட நான் முழிச்சிருக்கேன்னு நம்பாது” என்றாள். முதலாளி சிரித்தார். டேப்பை மட்டும் ஷோகேஸ் மேலேயே வைத்துவிட்டுப் போனார். ஸ்டோரில் ஜன்னல் இல்லை, பேசுவதற்கு ஆளும் இல்லை. ஜெயலெட்சுமிக்குச் சம்பளம் பாதி, பேச்சு மீதி. அன்று மத்தியானம் அவள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை.

அப்போதுதான் இராக்கம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மகள் ஜீவராணிக்குப் பதுளையில் துணிக்கடை வேலை கிடைத்திருந்தது. முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“கண்ணுல சாயமா? இவ இத பூசிக்கிட்டு லயத்து வீட்டு வாசல்ல எறங்குனா, தண்ணி புடிக்கிற பீலிக்கிட்ட ஒரு மாசத்துக்கு வேற பேச்சே இருக்காது” என்றாள் இராக்கம்மா.

“பூசுனது தெரியாதும்மா.”

“தெரியாட்டி என்னாத்துக்குப் பூசணும்?”

 ஜெயலெட்சுமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “இவ்வளவு நேரம் எங்கிட்ட மல்லுக்கட்டுறீங்களே, எங் கண்ணுல என்னா இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்.”

இராக்கம்மா உற்றுப் பார்த்தாள். “ஒண்ணும் இல்ல. தூக்கக் கலக்கம் இருக்கு.”

ஜெயலெட்சுமி கண்ணை மூடினாள். வலது இமையில் பால் தேத்தண்ணி, இடது இமையில் கருகின ரொட்டி. இராக்கம்மா மூக்கு முட்டுமளவு குனிந்து பார்த்தாள். “அடி ஆத்தே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மகளைப் பார்த்துத் தலையாட்டினாள். முதல் பெட்டி போனது.

ஜீவராணியின் இமை நல்ல அகலம். அங்கே எதைப் பூசினாலும் ஒளிய இடமில்லை. ஜெயலெட்சுமி அதைக் கவனிக்காமல் இல்லை. வாய்தான் திறக்கவில்லை. வாழ்நாளில் அவள் வாய் திறக்காத ஒரே சந்தர்ப்பம் அதுவாக இருக்கலாம்.

அடுத்த வாரம், முதலாளி ஷோகேஸ் பக்கத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், இராக்கம்மா தனியாக வந்து இறங்கினாள். பெட்டியைக் கண்ணாடி மேல் டக்கென்று வைத்தாள்.

“தெரியாது தெரியாதுன்னு சொல்லி வித்தீங்க. பளிச்சுன்னு தெரியுது. இந்தா, இப்ப வர்றப்ப பஸ்ஸுல கண்டக்டர் பய ரெண்டு தரம் திரும்பிப் பாக்குறான்.”

முதலாளியின் கை டேப்பைத் தொட்டது. ஜெயலெட்சுமி பழக்கதோஷத்தில் இராக்கம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மக எங்கம்மா?”

“அவ விடியவே வேலைக்கு வந்துட்டா.”

“அப்ப பஸ்ஸுல அவன் யாரத் திரும்பிப் பாத்தான்?”

 இராக்கம்மா ஒருமுறை கண் சிமிட்டினாள். வெயிலில் கறுத்த அந்த இமையில் பால் தேத்தண்ணி, ஆடை படிந்தது போல மெல்லிசாக, அழகாக இருந்தது.  ஜெயலெட்சுமி ஷோகேஸ் மேலிருந்த வட்டக் கண்ணாடியை இராக்கம்மா பக்கம் திருப்பி வைத்தாள். இராக்கம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“பீலிக்கிட்ட பேசத்தான் செஞ்சாளுக. எங்க வாங்குனேன்னு நாலு பேரு கேட்டாளுக. இன்னும் நாலு பொட்டி குடுங்க” என்றாள், சண்டைக் குரலை மாற்றாமலே. முதலாளி டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

ஆனாலும் தோற்றுப் போனதாக வெளியே போவது இராக்கம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “அது கெடக்கட்டும். ஒங்க கண்ணுல தெரியாதது எங்க கண்ணுல மட்டும் எப்புடித் தெரியுது? அதுக்கு ஒரு பதிலச் சொல்லுங்க.”

ஜெயலெட்சுமி பிடித்திருந்த மணிக்கட்டை விட்டாள். விட்டுவிட்டு, இரண்டு கண்ணையும் நிதானமாக மூடிக்கொண்டு சொன்னாள்:

“எங் கண்ண வேணும்னா கழட்டித் தாறேன், மாட்டிக்கிட்டுப் போங்கம்மா. பூசுனதும் தெரியாது, திரும்பிப் பாக்குற கண்டக்டரும் தெரியாது, எதுக்க பசறை பஸ்ஸே வந்தாலும் தெரியாது.”