மரக்கால் நிறையக் கடலை

என் கணவருக்கு இரண்டு ஆசைகள். சட்டசபைக்குப் போக வேண்டும். பொருளாதாரம் பற்றி எழுத வேண்டும். ஒரே உறையில் இரண்டு கத்தி என்று எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் பேனாவை எடுத்தவர், சோறு ஆறினாலும் கீழே வைக்கமாட்டார். ஒரு வாய் சாப்பிடுவார், எழுந்துபோய் ஒரு வரி எழுதுவார்.

ஏற்கெனவே ஒரு தேர்தலில் தோற்றிருந்தார். இரண்டாவது முறை நின்றபோது, "இதுலயும் தோத்தா திருச்சி காலேஜ்ல வாத்தியார் வேலைக்குப் போயிர்றேன்" என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். அதனால் வாயால் ஓட்டுக் கேட்டுக்கொண்டும், தோற்கட்டும் என்று மனசுக்குள் விராலிமலை முருகனை வேண்டிக்கொண்டும் ஜீப்பில் ஊர் ஊராகச் சுற்றினேன். ஓரிடத்தில் உட்காராத மனுஷனோடு குடித்தனம் செய்து பாருங்கள், புரியும்.

கட்சிக்காரர்களுக்குப் பெரிய தலைவலி, அவர் பத்திரிகையில் எழுதியிருந்த ஒரு கட்டுரை. மழை பொய்க்கிற நம் கண்மாய்ப் பக்கம் நெல்லைக் கட்டிக்கொண்டு அழுவானேன், கடலை போடுங்கள், தஞ்சாவூர் அரிசி தானாக வரும் என்று எழுதியிருந்தார். "அந்தப் பேச்ச மட்டும் எடுத்துராதீங்க" என்று காலில் விழாத குறையாகச் சொல்லியிருந்தார்கள்.

குன்றாண்டார்கோவில் தாண்டி ஒரு ஊர். வழக்கம்போல் வரவேற்புக்கு விளக்கும் நிறைமரக்காலும் வைத்திருந்தார்கள். நெல் குவிந்திருக்க வேண்டிய மரக்காலில் உரிக்காத கடலை குவிந்திருந்தது. அது எப்பேர்ப்பட்ட மரியாதை என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்சிக்காரர்களின் முகம் செத்துவிட்டது.

இவருக்கு மட்டும் உறைக்கவில்லை. ஒரு கடலையை எடுத்து உடைத்து வாயில் போட்டு மென்றார். "நல்லாத் தெரட்சியா வெளைஞ்சிருக்கே!" என்றார், பரீட்சையில் பாஸான பையனைப் போல. எனக்கு ஜீப்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

மரக்காலுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "வெளைஞ்சிச்சுங்க. நீங்க எழுதுனதப் படிச்சுக் காட்டுனாங்க, நம்பித்தான் போட்டோம். களத்துலயே யாவாரி வந்து, அவன் சொன்ன வெலைக்கு அள்ளிட்டுப் போயிட்டான். கடலை வந்திருச்சு. அரிசி எங்கங்க?"

கட்சிக்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். "ஐயா ஜெயிச்சா லாரி லாரியா அரிசி வரும் ஆத்தா!"

கூட்டம் கைதட்டப் போன நேரத்தில், "வராது" என்றார் இவர். "அது பொய்ங்க. யாவாரிய மறந்துட்டு எழுதிட்டேன். அரிசிக்கு இன்னும் எங்கிட்ட பதில் இல்ல."

அந்தப் பெண் மரக்காலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஜீப்பில் ஏறியதும் இவர் சட்டைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார். தோல்வி நிச்சயமாகிவிட்டது, நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது. கல்யாணமாகி அன்றைக்குத்தான் முதல்முறையாக, முருகா, இந்த மனுஷன் ஜெயிக்கணும் என்று வேண்டிக்கொண்டேன்.

முருகன் என் பழைய வேண்டுதலைத்தான் கேட்டான். தோற்றுப்போனார். டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "திருச்சிக்கு எப்பக் கெளம்பலாம்?" என்று அவராகவே கேட்டார்.

"அரிசி எங்கங்கிறத மொதல்ல எழுதி முடிங்க" என்றேன்.