மாதிரிப் பேட்டையில் என் நாத்தனார்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் நான் முதலில் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். என் புருஷனுக்கு அக்கா என்பதால் எனக்கும் அக்கா; பக்கத்து மெஷின் என்பதால் பகல் முழுக்க அக்கா. காலர் ஒரு இழை கோணினாலும் என் தலையில் குட்டுவாள். தையல் கூடத்தில் அவளுக்குப் பெயர் பாபின் அக்கா; பாபின் என்றால் மெஷினுக்கு அடியில் சுழலும் நூல் உருளை. உருண்டையாக இருப்பாள், ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பாள், வாயும் சுற்றிக்கொண்டே இருக்கும். அவளைப் பிடிக்காதவர்கள் வைத்த பெயர்தான். அவளுக்கே அது பிடித்துப்போனதால் வைத்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எங்கள் மாவட்டத்தைப் பின்தங்கிய மாவட்டம் என்று அரசாங்கம் முடிவு செய்தபோது எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்தங்கினால்தானே கையைப் பிடித்து இழுப்பார்கள்? மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். அகலமான ரோடு, ரோட்டுக்கு எண், எண்ணுக்கு ஒரு பலகை. வாசலில் 'மாதிரித் தொழிற்பேட்டை' என்று எழுதினார்கள். முதலில் ஒரு சட்டைக் கம்பெனி வந்தது. என் நாத்தனார் தையல்காரியாக உள்ளே போய் லைன் சூப்பர்வைசர் ஆனாள். புருஷன் செத்த வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அவள் பையன் படித்தான்.

வரிச்சலுகை முடிந்ததும் கம்பெனி நடையைக் கட்டியது. புதுச் சலுகை வேறொரு மாவட்டத்தில் இருந்ததாம். மெஷின்கள் அரசாங்கம் கொடுத்தவை என்பதால் அவை மட்டும் எங்களோடு தங்கிவிட்டன. படித்து முடித்த பையனுக்கு ஊரில் என்ன வேலை இருக்கிறது? தலைநகரத்துக்கு பஸ் ஏறினான். முதலீட்டு ஆலோசனைக் கம்பெனி ஒன்றில் வேலை, நிறைய சுற்றுப்பயணம் என்று போனில் சொன்னான். டை கட்டிய படம் ஒன்று அனுப்பினான். அந்தப் படத்தைத் தெருவில் பார்க்காதவர்கள் கண் தெரியாதவர்கள் மட்டும்தான். ஆனால் வருஷக்கணக்காக ஆள் வரவில்லை. லீவு இல்லை என்பான். இவள் ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வாள்: "இங்க ஒரு கம்பெனி வரட்டும்டா, பொட்டியைத் தூக்கிட்டு வந்துரு."

அப்போதுதான் வளர்ச்சி சார் வந்தார். தொழில் வளர்ச்சி ஆபீசின் அதிகாரி. வாயைத் திறந்தால் வளர்ச்சிதான், அதனால் அந்தப் பெயர். எங்களையெல்லாம் பூட்டிக்கிடந்த கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"காலியா இருக்குற ஓட்டல்ல யாராவது உள்ள நுழைவாங்களா? நாலு பேர் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாத்தான் அஞ்சாவது ஆள் வருவான். முதலீடு பண்றவங்களும் அப்படித்தான். அவங்க பாக்க வர்ற அன்னிக்கு மெஷின் ஓடணும், நீங்க உக்காந்திருக்கணும். அவ்வளவுதான். அன்னிக்கு உள்ள கூலி உண்டு."

"துணி?" என்றாள் என் நாத்தனார்.

"கம்பெனிக்காரன் விட்டுட்டுப் போனது கெடக்குதே."

"நூலு?"

"நூல் எதுக்கும்மா? வர்றவங்க குனிஞ்சு ஊசியையா பாக்கப் போறாங்க?"

நானாக இருந்தால், போய்யா நீயும் உன் கூலியும் என்று எழுந்து வந்திருப்பேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நெசக் கம்பெனி வந்தா என் பையனுக்கு இங்க வேலை கெடைக்குமா சார்?"

"முதல் வேலை அவருக்குத்தான்."

முடிந்தது. அன்றைக்கே எங்களுக்கு ஒத்திகை ஆரம்பித்துவிட்டது. நாங்கள் அதை வெறும் ஓட்டம் என்போம். மோட்டார் ஓடும், ஊசி குத்தும், துணி நகரும், தையல் விழாது. ஒருத்தி தோளைச் 'சேர்த்து' அடுத்தவளுக்குக் கொடுப்பாள், அவள் கையை 'ஒட்டி' அடுத்தவளுக்குக் கொடுப்பாள். சேராத துண்டுகள் பிரிந்து விழாமல் இரண்டு விரலால் பிடித்தே கொடுக்க வேண்டும். அந்த வித்தையைக் கண்டுபிடித்தது என் நாத்தனார்தான். யாராவது சிரித்தால் எரிந்து விழுவாள். "வெளையாட்டா இருக்கா உனக்கு? அவங்க நம்பினாத்தான்டி கம்பெனி வரும்."

விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். மறுபடி வேறு ஆட்கள் வந்தார்கள். அதே நீலத் துணிதான் ஊசிக்குள் போய்ப் போய் வந்தது. ஒரு நாள் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். ஒரு இழை நூல் இல்லை, உடம்பெல்லாம் ஓட்டை. சல்லடைபோல வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. மடித்து வைத்துவிட்டேன்.

வெளியே இன்னும் மோசம். பேட்டைக்கு பஸ் வந்து, யாரையும் இறக்காமல் திரும்பிப் போகும். ஆள் வராத கட்டடங்களுக்கெல்லாம் கம்பெனிப் பெயர் எழுதி மாட்டியிருந்தார்கள். விருந்தாளிகள் வரும் நாளில் கேன்டீன் மேஜைகளில் தட்டும் டம்ளரும் வரிசையாக இருக்கும், அடுப்பு பற்றவைத்ததே இல்லை. அந்த ரோட்டில் தனியாக நடந்தால் ஏதோ ஒரு ஷட்டருக்குள்ளே மெஷின் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கும். காதை வைத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் கால் தானாகத் தரையை மிதிக்கும். என் புருஷன், "வீட்டுலயுமா வெறும் ஓட்டம்?" என்று கேலி செய்வார். அப்புறம் அவரும் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். என் காலைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நாத்தனாருக்கு மட்டும் வேறொரு உறுத்தல். "வாங்க வர்றவன் துணியைத் தொட்டுப் பாக்காமப் போவானாடி? இவங்க ஒருத்தரும் தொடலையே" என்றாள் ஒருமுறை.

"தொட்டா நம்ம குட்டு ஒடைஞ்சிரும். சும்மா இருங்க" என்றேன்.

அவள் சும்மா இருந்தாள். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த மத்தியானம் வந்தவர்கள் ஒரு வேன் நிறைய. வளர்ச்சி சார் முன்னால் நடக்க, பின்னால் எல்லோரும் டை கட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரே மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் குனிந்து வெறும் ஓட்டத்தில் இருந்தோம். கடைசியாக வந்தவன் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நடந்தான். அந்த நடையை எனக்குத் தெரியும். ஒரு பக்கத் தோளைச் சாய்த்து நடக்கும் நடை. நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. என் நாத்தனாரின் பையன்.

அட்டையில் வேறு யாருடைய பெயரோ இருந்தது.

டேய் என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாத்தனாரைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்பே பார்த்துவிட்டாள். கை மட்டும் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தது, துணி தீர்ந்த பிறகும் தள்ளிக்கொண்டிருந்தது.

வளர்ச்சி சாருக்கு யாராவது ஒதுங்கி நின்றால் பொறுக்காது. "நீங்க வாங்க சார், முன்னால வாங்க. எங்க தொழிலாளிங்ககிட்ட என்ன வேணும்னாலும் கேளுங்க" என்று அவன் முதுகில் கைவைத்து நேராக அவள் மெஷின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவன் உதடு பிரிந்தது. அதிலிருந்து வந்தது அவன் பேச்சே இல்லை. "எவ்வளவு காலமா இங்க வேலை பாக்குறீங்க?"

"ஆரம்பத்துலேருந்தே சார். எங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்ல." ஒத்திகை பார்த்த பதில்.

"குடும்பத்துல வேற யாராவது வேலை பாக்குறாங்களா?"

அதுவும் ஒத்திகை பார்த்த கேள்விதான். எல்லா விருந்தாளிகளும் இதே வரிசையில்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நாங்கள் அவர்களை ஏமாற்றியதாக நினைத்திருந்தோம். அவர்கள் பக்கத்திலும் ஒத்திகை நடந்திருக்கிறது.

"ஒரு பையன் சார். வெளியூர்ல பெரிய வேலையில இருக்கான்."

அதோடு அவள் நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த மெஷினுக்கு அவர்கள் நகர்ந்திருப்பார்கள். அவள் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது.

"சாப்ட்டியா?" என்றாள்.

சாப்பிட்டீங்களா இல்லை. சாப்ட்டியா.

வளர்ச்சி சார் முகம் விழுந்துவிட்டது. மெஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பையன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "சாப்ட்டேன்" என்றான். அதற்குப் பின்னால் வரவேண்டிய 'மா'வையும் சேர்த்தே விழுங்கினான்.

"என்னம்மா இது, விருந்தாளிய மரியாதை இல்லாம…"

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள் என் நாத்தனார். "பாக்க என் பையன் மாதிரி இருந்துச்சு."

பெற்ற பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு 'மாதிரி' என்று சொன்னாள். நான் துணியைப் போட்டுவிட்டு அழுதிருப்பேன், அதற்குள் எனக்கு மறுபக்கம் இருந்தவள் என் காலை மிதித்தாள். வேனில் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். வளர்ச்சி சாருக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா? இதான் எங்க ஊர் ஜனங்க!" என்று அவர்களை அடுத்த கூடத்துக்குக் கூட்டிப்போனார். பையன் என்னைத் தாண்டித்தான் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. அவள் வீட்டுக் கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"வேன்ல ஏறுன பிறகுதாம்மா எந்த ஊருன்னு சொன்னாங்க. எறங்க விடல."

"இதாடா உன் வேலை?"

"பேட்டைய பாக்க ஆளுங்க வர்றாங்கன்னு மேலிடத்துல காட்டணுமாம். அதுக்கு எங்கள அனுப்புறாங்க. ஒவ்வொரு ஊருக்கும் வேற வேற அட்டை." அழுதான். இப்போது அது எங்கள் பிள்ளைதான். "நான் விட்டுட்டு வந்துரட்டுமாம்மா?"

வா என்று சொல்லத்தான் அவள் இத்தனை காலமும் நூலில்லாமல் தைத்தாள்.

"எங்கடா வருவ? இங்க என்ன இருக்கு?" என்றாள்.

அவளை ஓங்கி அறையலாம்போல இருந்தது எனக்கு. அறைந்து என்ன செய்ய? அவள் சொன்னது நிஜம்.

கூலியை விட முடியாமல் நாங்கள் அடுத்த ஒத்திகைக்கும் போனோம். வளர்ச்சி சார் குதித்துக்கொண்டு வந்தார். மேலிடத்தில் எல்லாவற்றையும்விட அந்தச் 'சாப்ட்டியா' கட்டம்தான் எடுபட்டதாம். இனி ஒவ்வொரு தடவையும் வயசான ஒரு அம்மா, வந்தவர்களில் ஒரு இளைஞனைப் பார்த்து 'சாப்ட்டியா' என்று கேட்க வேண்டும், அதட்டினால் 'என் பையன் மாதிரி இருந்துச்சு' என்று சொல்ல வேண்டும். மற்ற மாவட்டத்துப் பேட்டைகளுக்கும் சொல்லி அனுப்பிவிட்டாராம். "அக்கா, எங்க, அன்னிக்குச் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காமிங்க" என்றார். என் நாத்தனார் சொல்லிக் காட்டினாள். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பையன் போன் பண்ணும்போதெல்லாம் அதைத்தான் சொன்னான். இன்னிக்கு ஒரு அம்மா கேட்டாங்கம்மா. நேத்து போன ஊர்லயும் கேட்டாங்க. அப்படியே உன் குரல்ல கேக்குறாங்கம்மா. முதலில் கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னான். பிறகு சிரிக்காமல் சொன்னான். பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

போன வாரம் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ரெண்டு வார்த்தை பேசிவிட்டு அவள் வழக்கம்போலக் கேட்டாள்: "சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேன். ரொம்ப நன்றி" என்றான், அன்றைக்கு மெஷின் முன்னால் பேசிய அதே குரலில்.

பெற்றவளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா? நாத்தனார் போனைக் காதிலிருந்து எடுத்து, ஏதோ பூச்சி ஒட்டியதுபோலத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"யாருடி பேசறது? கேட்டுச் சொல்லு."

நான் வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அத்தை என்று கூப்பிடுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன்.