என்னத்துக்கு?

ஒரு கை ஏலக்காயை அள்ளிக் காதோரம் கொண்டுபோய்க் குலுக்குகிறார் ராஜா முகம்மது. தோலுக்குள் விதை ஆடும் சத்தத்தை, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக் கேட்கிறார். பிறகு ஒரு காயை நகத்தால் பிளக்கிறார். விதை கருத்திருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்து, வாயில் போட்டுக்கொள்கிறார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கடை வாசலில் நிற்பவரை நிமிர்ந்து பார்க்கிறார். பார்த்ததும் கேட்பது ஒரே கேள்வி.

“என்னத்துக்கு?”

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இதில் வருத்தம் இல்லை. ஊர்ப்பேச்சில் இது வெறும் விசாரிப்பு. வெளியூர்க்காரர்களோ, கடைக்கு வந்ததே குற்றமோ என்று ஒரு அடி பின்னால் போவார்கள். “எட்டு எம்.எம். நூறு கிராம்” என்று தைரியமாகச் சொல்பவரையும் அவர் விடுவதில்லை. “அது கெடக்கட்டும் அண்ணே. என்னத்துக்கு?”

எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் கீழே இறங்காமல் மேலே நிற்கும் காய்தான் எட்டு. பெரிது, பச்சை, பார்க்க மணமேடை மாப்பிள்ளை மாதிரி இருக்கும். விலையும் அப்படியே. ஆனால் ராஜா முகம்மதின் சட்டம் வேறு. தாம்பூலத் தட்டுக்கும் மாலைக்கும் எட்டு. பிரியாணிக்கு ஏழு. பாயசத்துக்கு விதை கருத்த சின்னக் காய். டீக்கு என்றால் வெடித்த காய். “தட்டிப் போடுற காய்க்கு அழகு என்னத்துக்கு?” என்று சொல்லி, உயர்ந்த ரகம் கேட்டு வந்தவரைக் குறைந்த ரகத்தோடு அனுப்பிவைப்பார். அவர் மனைவி மைதீன் பீவி இதைச் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் சொல்லிக் காட்டுவதுண்டு. “வாங்க வந்த ஆளைக் கொறைச்சு வாங்க வைக்கிற யாவாரி ஒலகத்துலயே எங்க வீட்டு ஆளு மட்டுந்தான்.”

இன்னொரு விசித்திரம், இருபது வருட வாடிக்கையாளரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆட்களை உபயோகத்தை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார். “பால்கோவா வந்து போச்சா?” என்பார். “தேவாரத்துல இருந்து வர்ற பிரியாணிய ரெண்டு வாரமாக் காணோமே, தோட்டத்துல யானை கீனை எறங்கிருச்சா?” என்று கவலைப்படுவார். கடைக்குள் சாக்கை விரித்து உட்கார்ந்து காம்பு கிள்ளும் சந்திரவல்லிக்கு இதெல்லாம் பாடம். “தண்ணி கேட்டு வந்தவர்ட்டயே என்னத்துக்குன்னு கேட்ட ஆளு எங்க அண்ணே” என்று அவள் சொல்வது பொய்யில்லை. கேட்டார். கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு செம்பு கொடுத்தார்.

கணினிக்குப் பயந்தவர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. ஏலக்காய் ஏலம் திரையில்தான் நடக்கிறது. இடது கையால் மாதிரித் தட்டைக் கிளறியபடி வலது கையால் பொத்தானை அழுத்துவதில் அவர் விரலுக்கு நல்ல பெயர் உண்டு. அவருடைய சிக்கல் திரையில் காய் வாங்குவதில் இல்லை. திரையில் காய் விற்பதில்தான்.

கடைக்கு வருவோர் குறைந்தபோது வழி சொன்னவள் மகள் அப்ரின். பி.காம். படித்தவள், புகுந்த வீடும் உள்ளூரிலேயே. காயை வெள்ளைத் துணியில் பரப்பிப் படம் எடுத்தாள். பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் ‘மலைப்பச்சை’ என்று பெயர் வைத்துக் கடை திறந்தாள். ஏழெட்டு மாதத்தில் வாசலுக்கு வருகிறவர்களைவிடத் திரையில் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். சந்திரவல்லியோடு இன்னும் இரண்டு பெண்களுக்கு வாரம் முழுக்க வேலை இருக்கிறதென்றால் அது மலைப்பச்சையால்தான்.

அப்ரின் அச்சடித்துத் தரும் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார் ராஜா முகம்மது. பெயர் இருக்கும். தெரு, ஊர், பின்கோடு, எத்தனை கிராம், எந்த ரகம், எல்லாம் இருக்கும்.

“எல்லாம் போட்டிருக்கான். என்னத்துக்குன்னு மட்டும் போடலியே.”

“அது நமக்கு வேணாம் அத்தா.”

“வேணாமா? அப்ப எந்தக் காயப் போடுறது?”

“அவங்க கேட்ட காயப் போடுங்க.”

இந்தப் பதில் அவருக்குப் பதிலாகவே படவில்லை. சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

“போடியில இருந்து பேசுறேன் ஆத்தா. ஏலக்கா கேட்டிருக்கீங்களே, என்னத்துக்கு?”

“ஓடிபி எல்லாம் சொல்ல முடியாது. வைங்க போனை.”

“ஓடிபி எனக்கு என்னத்துக்கு? பாயசமா பிரியாணியா, அத மட்டும் சொல்லு.”

அந்த அம்மாள் அவர் எண்ணைத் தடை செய்துவிட்டார். இன்னொருவர், “காசு குடுத்தாச்சு. உமக்கு என்னத்துக்கு?” என்று அவர் கேள்வியையே அவர்மேல் எறிந்தார்.

கேட்க வழியில்லாமல் போகவே, ஊகிக்க ஆரம்பித்தார். ஈரோட்டிலிருந்து ஒருவர் எட்டு கேட்டிருந்தார். முகவரியில் ‘டீக்கடை எதிரில்’ என்று இருந்தது. அது போதாதா? எட்டுக்குப் பதில், அதே விலைக்கு இன்னொரு பங்கு கூடவே வருகிற மாதிரி வெடித்த காயை அள்ளிப் போட்டார். வாங்குகிறவர் டீ குடித்துவிட்டு வாழ்த்துவார் என்று எதிர்பார்த்தார். அந்த மனிதரோ காயை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, ‘ஏமாற்று’ என்ற ஒரே சொல்லோடு புகார் போட்டுவிட்டார்.

“கூடத்தான குடுத்தேன்? என் காயப் போயி ஸ்கேலு வச்சு அளந்துட்டானேம்மா” என்று புலம்பியவர் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது புகார் சென்னையிலிருந்து. பெண் பெயர், கால் கிலோ எட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்ற அவசரம். வெள்ளிக்கிழமை என்றால் பாயசம்தான் என்று முடிவு கட்டி, விதை கருத்த சின்னக் காய் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்குத் தேவை வரவேற்புக்கு ஏலக்காய் மாலை கட்ட. ஊசி நுழைந்ததும் காய் பிளந்துகொண்டதாம். இந்தப் புகாரில் அவருக்குக் கோபம் வரவில்லை; உடைந்துபோனார். மாலைக்கு எட்டுதான் என்பதைப் போடியில் அவரைவிட யார் சொல்லிவிட முடியும்?

“மாலைக்குன்னு ஒத்த வார்த்தை போட்டிருந்தா, பொறுக்கிப் பொறுக்கி அனுப்பியிருப்பேன்.”

“அவங்க எட்டுன்னு போட்டாங்க அத்தா. அதுதான் அந்த ஒத்த வார்த்தை.”

தளத்திலிருந்து கடிதம் வந்தது. கேட்டது ஒன்று, வந்தது வேறு என்று இரண்டு புகார்கள் வந்துவிட்டன; அந்த மாதத்தில் எதற்காகவாவது மூன்றாவது புகார் வந்தால் கடை மூடப்படும். அப்ரின் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். சந்திரவல்லி காம்பு கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மலைக்கு ஜீப்பில் ஏறித் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், முழங்கால் ஒத்துழைக்காமல் இங்கே வந்து உட்கார்ந்தவள். கடை மூடினால் அவள் மறுபடி ஜீப்புக்குப் போக முடியாது.

“அண்ணே, ஒங்க கேள்விக்கு ஒரு மாசம் லீவு குடுங்களேன்” என்றாள்.

“சரித்தா. இனிமே போன்ல எவர்ட்டயும் என்னத்துக்குன்னு கேக்க மாட்டேன். காயும் மாத்த மாட்டேன். அல்லா மேல ஆணை.”

பத்து நாள் வாக்குத் தவறவில்லை. சீட்டைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், கேட்டதை நிறுத்துப் போடுவார். பதினோராம் நாள் வந்த சீட்டில்தான் சோதனை இருந்தது. எட்டு எம்.எம்., அரைக் கிலோ. முகவரி: பால் சொசைட்டி, சிலமலை.

சிலமலை! தேவாரம் ரோட்டில் மொபெட்டை முறுக்கினால் கால் மணி நேரம். பார்சலோ மதுரைக்குப் போய், அங்கே ஒரு நாள் உட்கார்ந்து, வந்த வழியே திரும்பி மூன்றாம் நாள்தான் சிலமலை சேரும். கூரியர்க்காரர் வருவது நாலு மணிக்கு. இப்போது மணி இரண்டு. அரைக் கிலோ எட்டு, ஒரு பால் சொசைட்டிக்கு, என்னத்துக்கு? போனில் கேட்க மாட்டேன் என்றுதானே ஆணையிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்தில் மொபெட் கிளம்பிவிட்டது.

சொசைட்டி வாசலிலேயே அவர் மூக்கு நின்றது. பால் வாடையை மீறிக்கொண்டு ஏலக்காய் மணந்தது. கேன் தூக்குகிறவர், கணக்கு எழுதுகிறவர், சும்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், எல்லாரும் எதையோ மென்றுகொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால், திறந்த எவர்சில்வர் டப்பாவுடன், ஊரில் மரியாதைப்பட்ட ஒரு மனிதர். அவர் பெயர் இங்கே வேண்டாம். ராஜா முகம்மதுக்கும் அது தெரியாது. ஆனால் ஆளைத் தெரிந்துவிட்டது.

“பாயசம்!” என்று கத்திவிட்டார்.

வாராவாரம் வந்து, “என்னத்துக்கு?” என்றால் “பாயசத்துக்கு” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாங்கிப்போய், ஆறு மாதமாகக் காணாமல் போன வாடிக்கை.

அந்த மனிதர் எழுந்து, அவர் கையைப் பிடித்து, மாட்டுத் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“நீங்க எங்க பாய் இங்க?”

“மலைப்பச்சை நம்ம கடைதான் அண்ணே. அரைக் கிலோ எட்டு போட்டிருக்கீங்களே, அதான் என்னத்துக்குன்னு…”

“அடப்பாவி மனுசா! இந்தக் கேள்விக்குப் பயந்துதான ஒங்க கடைக்கே வராம ஆன்லைன்ல போட்டேன். அங்கயும் நீங்களா?” அவர் குரல் தாழ்ந்தது, முகம் தாழவில்லை. “ஆளு வாசலுக்கே வந்து வெசாரிக்கிறாங்கன்னு இப்பவே ஒரு புகாரு எழுதுறேன் பாருங்க.”

ராஜா முகம்மதுக்கு வியர்த்தது. மூன்றாவது. மகள் முகமும், சந்திரவல்லியின் முழங்காலும் கண் முன்னால் வந்தன.

“எழுதாதீங்க அண்ணே. மூணு பொம்பளைக பொழப்பு. நான் கேக்கவே இல்லன்னு வச்சுக்கங்க, இந்தா போறேன்.”

வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். ஆனால் கால் நகரவில்லை. அவர் முகத்தில் இருந்த ஏக்கத்தைப் பார்த்த அந்த மனிதருக்குக் கோபம் வடிந்துபோனது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காதருகே வந்தார். ஏலக்காய் மணத்துக்கு அடியில் இன்னொரு வாடை மெல்லிசாக வந்தது. நேற்றைய சரக்கின் பாக்கி.

“போன ஆடியில கோயில்ல வச்சு ஊருக்கு முன்னால விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணேன். விட முடியல. சாயங்காலம் ரெண்டே ரெண்டு. வாய் வாடைய மறைக்கத்தான் இது.”

ராஜா முகம்மது யோசித்தார். அறிவுரை சொல்லப் போகிறார் என்று அந்த மனிதர் தலையைக் குனிந்தார்.

“அதுக்கு எட்டு சரிப்படாது அண்ணே” என்றார் ராஜா முகம்மது. “தோலுதான் பெருசு. ஏழுல கருத்த வெதையாப் பொறுக்கித் தர்றேன், ரெண்டு மென்னாப் போதும்…”

“யோவ் பாய், நான் ஒருத்தன் மட்டும் மென்னா வீட்ல சந்தேகம் வராதா? சொசைட்டிக்கு வர்ற எல்லாத்துக்கும் நீட்டுறேன். சின்னக் காய நீட்டுனா எவன் எடுக்கிறான்? எட்டுன்னா ரெண்டா எடுக்கிறான். ஊரே மணக்கையில ஒருத்தன் வாய மட்டும் யாரு மோந்து பாக்கப் போறா?”

ராஜா முகம்மது விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தாம்பூலம், மாலை, பிரியாணி, பாயசம், டீ என்று அவர் இத்தனை வருடமாகக் கட்டி வைத்திருந்த சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. ஆனால் கேட்ட காய் சரியான காய். கடைக்கு வந்திருந்தால் நிச்சயம் மாற்றிக் கொடுத்திருப்பார்.

“எட்டே அனுப்புங்க. பார்சல ஒட்டயில அப்படியே ஒங்க வாயையும் சேத்து ஒட்டிருங்க” என்றார் அந்த மனிதர். பிறகு, பழக்கம் விடாமல், டப்பாவை நீட்டினார். ராஜா முகம்மது இரண்டாக எடுத்துக்கொண்டார்.

மூன்றரைக்குக் கடை திரும்பினார். அப்ரின் திரையிலிருந்து நிமிரவில்லை. சந்திரவல்லிதான் பிடித்துக்கொண்டாள்.

“வெயில்ல எங்க அண்ணே போனீங்க?”

“சிலமலை.”

“சிலமலைக்கா? என்னத்துக்கு?”

காம்பு கிள்ளிக்கொண்டிருந்த மற்ற இரண்டு பெண்களும் கையை நிறுத்தினார்கள். அப்ரினும் நிமிர்ந்துவிட்டாள். அந்தக் கடையில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. ராஜா முகம்மது தரையைப் பார்த்தார்.

“பாயசத்துக்கு.”

எட்டை நிறுத்தார். காதோரம் கொண்டுபோகவில்லை, பிளந்து பார்க்கவில்லை. உறையில் போட்டு மூடி டேப்பை இழுத்து ஒட்டி, பல்லால் கடித்து அறுத்தார். கூரியர்க்காரர் கையை நீட்டினார். கொடுத்தவர், பார்சலைத் திரும்ப வாங்கி, டேப்பை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார்.