நாலு லீற்றர் காய்ச்சி வடித்த நீர்

2009 மே 18, திங்கட்கிழமை. இங்கே விக்டோரியா தின விடுமுறை, வேலை இல்லை. ஆனாலும் வழமைபோல் ஐந்தரைக்கு எழுந்து, முகம் வழித்து, தேநீர் குடித்து, சமையலறை மேசையில் பழைய பேப்பரை விரித்தேன். மச்சானுக்கு அந்த வாரத்துக்கான திரவம் கலக்க வேண்டியிருந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தான். மாசியில் நெஞ்சுவலி வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனிச் சிகரெட் தொட்டால் அடுத்த முறை தப்பமாட்டாய் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்போது புதிதாக வந்திருந்த எலக்ட்ரோனிக் சிகரெட் ஒன்றை எடுப்பித்து, அதில் பழகிக்கொண்டிருந்தான். அதற்கு வந்த நிக்கொட்டின் கிளிசரினில் கரைத்தது. மில்லிக்குப் பதினெட்டு மில்லிகிராம். நான் அதைப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுப்பேன்.

அதற்கு விடும் கிளிசரின் மனைவியுடையது. ஐசிங் இறுகாமல் இருக்க விடுவது. அவள் பிறந்தநாள் கேக் செய்து விற்பவள். ஊரில் போர் உக்கிரமாக நடந்த அந்த மாதங்களில் ஒருவரும் கேக்குக்குச் சொல்லவில்லை. போத்தல் சும்மா கிடந்தது.

கையுறை போட்டு, பத்து மில்லி நிக்கொட்டின், நாலு மில்லி கிளிசரின் அளந்தேன். கடைசி ஒரு மில்லி காய்ச்சி வடித்த நீர். அது இல்லாவிட்டால் தடிப்பான திரவம் கருவிக்குள் இருக்கும் திரியில் ஊறாது.

"தண்ணி விடாதேங்கோ அத்தான்," என்றான் பக்கத்தில் வந்து நின்ற மச்சான்.

"ஏன்?"

"உது பால்காரன்ரை வேலை. அதுக்கும் கிளிசரினையே விடுங்கோ."

எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் கலப்பது என்றாலே களவுதான். சரி, இவனுடைய சாமான் என்று அதற்கும் கிளிசரினையே விட்டேன். மிச்சமிருந்த வடித்த நீரும் ஸ்டீம் அயர்னுக்குள் போய்விட்டது.

பிறகு தொலைக்காட்சியைப் போட்டோம். போர் முடிந்துவிட்டது என்றார்கள். மனைவி ரிமோட்டைப் பிடித்தபடி நின்றாள். மச்சான் சப்பாத்தை மாட்டினான்.

"டவுன்ரவுணுக்குப் போறன். எங்கடை சனம் அங்கை கூடுதாம்."

"இஞ்சேருங்கோ, நீங்களும் போங்கோ," என்றாள் மனைவி. "தனியப் போனால் சிகரெட்டோடைதான் திரும்பி வருவான்."

நகர நடுவில் யூனிவர்சிற்றி அவெனியூ முழுக்கச் சனம். சிலர் கத்தினார்கள், பலர் நிலத்தில் குந்தியிருந்து அழுதார்கள். மே மாதமானாலும் காற்று குளிர்ந்தது. மச்சான் கருவியை எடுத்து உறிஞ்சினான். புகை வரவில்லை, கருகல் நாற்றம் மட்டும் வந்தது. குளிரில் திரவம் இன்னும் தடித்து, திரி காய்ந்துவிட்டது.

பக்கத்தில் நின்றவர் சிகரெட் பெட்டியை நீட்டினார். "எடுங்கோ அண்ணை. இண்டைக்குப் பிடிக்காமல் எண்டைக்குப் பிடிக்கிறது?"

மச்சான் ஒன்றை உருவிவிட்டான். நான் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கொஞ்ச நேரம் பொறு. தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்."

"ஓடிப் போட்டு வாங்கோ. கனநேரம் பொறுக்கமாட்டன்."

திறந்திருந்த ஒரு பார்மசியில் காய்ச்சி வடித்த நீர் நாலு லீற்றர் கலனாக மட்டுமே இருந்தது. ஒரு மில்லிக்காக நாலு லீற்றரைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் நுழைந்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்த ஒரு அன்ரி வழிமறித்தார்.

"தம்பி, உந்தத் தண்ணியில கொஞ்சம் தாரும்."

"உது அயர்ன்பொக்ஸுக்கு விடுற தண்ணி அன்ரி."

"இஞ்சை வந்து ஆரின்ரை உடுப்பை அயர்ன் பண்ணப்போறீர்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். காலையிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அவருக்கு ஒரு கப் ஊற்றிக் கொடுத்தேன்.

மச்சான் அதே இடத்தில் நின்றான். சிகரெட் விரலிடுக்கில் நசிந்திருந்தது; பற்றவைக்கவில்லை. அவன் பொக்கெற்றில் கொண்டுவந்திருந்த திரவப் போத்தலை மதிலில் வைத்து, மூடியால் கணக்காகத் தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். அவனிடம் இருந்த புதுத் திரியை மாற்றினோம். இரண்டாவது இழுப்பில் வெள்ளைப் புகை வந்தது. அவன் கண்ணை மூடி இன்னொரு முறை இழுத்தான்.

சிகரெட்டை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தான். "குறை நினையாதேங்கோ. நான் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கவேணும்."

செவ்வாய்க்கிழமை காலை நான் சமையலறைக்கு வந்தபோது பேப்பர் விரித்தபடி இருந்தது. மச்சான் கையுறையோடு நின்றான்.

"பன்னிரண்டிலையிருந்து ஒன்பதுக்கு இறக்குவமோ அத்தான்?"

பத்து மில்லி நிக்கொட்டினுக்குக் கிளிசரினும் தண்ணீருமாகப் பத்து மில்லி என்று கணக்குச் சொன்னேன். தண்ணீரை அவனே முதலில் அளந்து விட்டான்.