டெல்ஃபின் பெரியம்மாவின் உப்பு

அமெரிக்கப் பழங்குடியான நவஹோ மக்களின் நிலத்தில், செம்மண் பள்ளத்தாக்கில் சுற்றுலா வண்டி ஓட்டும் டெல்ஃபின் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குன்றுகளைக் காட்டுவாள், படம் எடுக்கக் கொஞ்ச நேரம் தருவாள். அதற்குமேல் நின்றவர்கள் வண்டிக்குப் பின்னால் ஓடிவர வேண்டியதுதான். கையும் இறுக்கம். தன் ஆட்டுக்கறியில் ஒரு துண்டு அடுத்தவர் தட்டுக்குப் போனால் அவளுக்கு உயிரே போய்விடும்.

வண்டி நிற்கும் மேட்டில் அவள் தங்கை லொரீனா பாசிமணி விற்கிறாள். டெல்ஃபின் அங்கே இறங்குவதே இல்லை. தங்கையின் கைக்குழந்தை கிளாரிசா இன்னும் சிரிக்கவில்லை. குழந்தையை முதலில் சிரிக்க வைப்பவர் விருந்து போட வேண்டும் என்பது நவஹோ வழக்கம். அவர் குணம் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். விருந்துக்குப் பயந்து ஒதுங்குகிறாள் என்று ஊர் பேசியது. ஊருக்கு என்ன தெரியும்? தன்னைப் போல இன்னொருத்தி வளர்ந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் பயந்தாள்.

அன்று காற்று பேயாட்டம் போட்டது. கடையின் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு கிளம்ப, லொரீனா குழந்தையோடு வண்டிக்கு ஓடிவந்தாள்.

"புடி அக்கா."

"வேற யார்கிட்டயாவது குடேன்."

"யாரு இருக்கா? குன்றுகிட்டயா குடுக்கறது?"

டெல்ஃபின் கொதிக்கும் பானையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயணிகளில் ஒரு கிழவர் குழந்தைக்கு நாக்கை நீட்டிக் காட்டினார்.

"இன்னும் நல்லாப் பண்ணுங்க," என்று அவளே கெஞ்சினாள். கிளாரிசா கொட்டாவி விட்டாள்.

அப்போது டெல்ஃபினின் தொப்பி பறந்தது. இடுப்பில் குழந்தையோடு துரத்தினாள். குனிந்தால் தொப்பி உருளும், நிமிர்ந்தால் நிற்கும்.

"நில்லு கழுதை," என்று கத்தினாள்.

கிளாரிசா கெக்கெக்கென்று சிரித்தாள்.

டெல்ஃபின் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் இல்ல. தொப்பிதான் சிரிக்க வச்சுது."

"தொப்பியா ஆடு வெட்டும்?" என்றாள் லொரீனா.

"என் குணம் வந்துடுமேடி." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வரட்டும். நான் புள்ள பெத்துக் கிடந்தப்ப குளிர் முடியறவரைக்கும் விறகு வெட்டிப் போட்டது யாரு? கறிதான் குடுக்க மாட்டே, கஞ்சப் பிசினாறி."

அந்த ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபின் தன் மந்தையில் இரண்டு ஆடுகளை வெட்டினாள். கேள்விப்பட்டதை நம்பாமல் வந்தவர்களே பாதிப்பேர். வழக்கப்படி குழந்தையின் கையில் உப்பை வைத்து, ஒவ்வொருவருக்கும் அந்தக் கையால் கொடுக்க வேண்டும். கிளாரிசாவோ உப்பை வாங்கியதும் விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அப்படியே பெரியம்மாதான்," என்றான் வரிசையில் முதலில் நின்ற பக்கத்து மந்தைக்காரன் நெல்சன். எல்லோரும் சிரித்தார்கள்.

டெல்ஃபின் மட்டும் சிரிக்கவில்லை. விரல்களைப் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. குனிந்து, காதருகே, தொப்பியைத் திட்டிய அதே குரலில் சொன்னாள்:

"நில்லு கழுதை."

குழந்தை உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தது. விரல்கள் விரிந்து, உப்பு முழுவதும் நெல்சனின் தட்டில் கொட்டியது.

டெல்ஃபினும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, நெல்சன் கேட்காமலே, அவன் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள்.